மூடி திறந்த டம்ளர்

இது நடந்து வெகு காலமாகிறது. அந்த டம்ளர் பித்தளையா, எவர்சில்வரா என்பதுகூட இப்போது உறுதியாக நினைவில்லை. பாதி காலியாக இருந்தது என்பது மட்டும் நிச்சயம்.

ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியிலிருந்த விசாரணை அதிகாரியின் அறைக்கு அந்த நர்சிங் மாணவி அழாமல்தான் வந்தாள். வரும் முன்பே அழுது முடித்திருந்தாள்.

"நெஞ்சுவலின்னு துடிச்ச பெரியவருக்கு நாக்குக்கு அடியிலதான் சார் மாத்திரையை வெச்சேன். வெச்சுட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினேன். திரும்பி வந்தா பெரியவர் உயிர் போயிடுச்சு. போஸ்ட்மார்ட்டத்துல மாத்திரை வயித்துல கிடந்துதாம். நான்தான் விழுங்க வெச்சேன்னு நாளைக்குக் காலேஜை விட்டே அனுப்பப் போறாங்க."

"விழுங்கினா என்ன?"

அந்த நிலையிலும் அவள் பாடம் ஒப்பித்தாள். "நாக்குக்கு அடியில கரைஞ்சா நேரா ரத்தத்துல ஏறும், ரெண்டு மூணு நிமிஷத்துல நெஞ்சுவலி இறங்கும். விழுங்கினா வயிறு, குடல், கல்லீரல்னு சுத்தணும். கல்லீரலே பெரும்பகுதியை அழிச்சிடும். இதயத்துக்கு ஒண்ணும் மிஞ்சாது."

"பக்கத்துல யார் இருந்தாங்க?"

"அவரோட தம்பி. பாவம் சார், அண்ணனுக்கு எல்லாமே அவர்தான். 'டேய் எடுபிடி'ன்னுதான் பெரியவர் கூப்பிடுவார்."

"கட்டில் பக்கத்துல இருந்த தண்ணி டம்ளர்?"

"காலையில நான் மூடி வெச்சது. திரும்பி வந்தப்ப மூடி கீழ கிடந்துது. தண்ணி பாதிதான் இருந்துது."

அதிகாரி ஜன்னலருகே போய் நின்றார். கீழே பெஞ்சில் அந்தத் தம்பி உட்கார்ந்திருந்தார், அடிக்கொரு தரம் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு. அதிகாரி அந்தக் கையையே கவனித்தார். 'அவசரம்' என்று எல்லோரும் கூப்பிடும் குமாஸ்தா இரண்டு முறை செருமினார்.

"அவரை மேல வரச் சொல்லு. படியில."

"லிஃப்ட் ஓடுதே சார்?"

"படியில."

மூன்று மாடி ஏறி வந்தவரின் முகம் வெளுத்திருந்தது. நெஞ்சைப் பிடித்தபடி நாற்காலியில் சாய்ந்தார். பையிலிருந்து சின்னப் பழுப்புக் குப்பியை எடுத்து ஒரு மாத்திரையை நாக்கின் அடியில் வைத்தார். அவசரம் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

"குடிங்க ஐயா, ஒரு மடக்கு!"

அவர் உதடுகளை இறுக மூடிக்கொண்டு, புறங்கையால் டம்ளரைத் தள்ளினார்.

மூன்று நிமிடம். மெல்ல முகத்தில் நிறம் திரும்பியது.

"தண்ணி ஏன் வேண்டாம்னீங்க?" என்றார் அதிகாரி.

தம்பி டம்ளரைப் பார்த்தார். பிறகு மாணவியை.

"உங்களுக்கும் அதே வியாதி, அதே மாத்திரை. தண்ணி குடிச்சா மருந்து வயித்துக்குப் போயிடும்னு தெரிஞ்சவர் நீங்க. இந்தப் பொண்ணு டாக்டரைத் தேடி ஓடினா. நீங்க மூடியைத் திறந்தீங்க."

"நாப்பது வருஷமா அண்ணன் குரல் குடுத்தப்பல்லாம் நான்தான் தண்ணி கொண்டு போய்க் குடுத்தேன்."

"அன்னைக்குக் கேட்டாரா?"

"இல்ல." அவர் நிதானமாகச் சொன்னார். "அன்னைக்கு ஒரு நாள்தான் கேக்காம குடுத்தேன்."

அதிகாரி மாணவியிடம் கேட்டார்: "தண்ணி குடுக்கக் கூடாதுன்னு இவர்கிட்ட சொல்லிட்டுப் போனியாம்மா?"

அவள் இல்லை என்று தலையசைத்தாள்.

தாகத்துக்குக் கொடுத்தேன் என்று தம்பி பிறகு எழுதிக் கொடுத்தார். தண்ணீர் கொடுத்ததற்கு வழக்கில்லை என்று போலீஸ் கைவிரித்தது. வீட்டில் அண்ணனின் கட்டிலில் அவர் இன்னும் பதினோரு வருடம் படுத்துத் தூங்கினார். அவசரம் அதற்குப் பிறகு யாருக்கும் தண்ணீர் நீட்டியதில்லை. அதிகாரி ஓய்வு பெற்றார். அந்தப் படிகளைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. மாணவியைக் கல்லூரி அனுப்பிவிட்டது, விழுங்க வைத்ததற்காக அல்ல, சொல்லாமல் போனதற்காக. அவள் ஒரு துணிக்கடையில் துணி மடிக்கிறாள்.