இரண்டு முறை குனிந்த அடுப்பு

டெலிபோன் அலறியது.

ஜார்ஜ் டவுன், பீச் ஸ்ட்ரீட் போலீஸ் ஸ்டேஷன். 1934-ஆம் வருஷத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. மணி மூன்றேகால். டிடெக்டிவ் சார்ஜன் லாரன்ஸ் அப்போதுதான் ஒரு வாழைப்பழத்தைப் பாதி உரித்திருந்தார்.

"ஹலோ..."

"பிறை ரயில் யார்டு ஸ்டேஷன் மாஸ்டர் பேசறேன். இங்க ஒரு ஆள் செத்துட்டான்."

"ரயில்ல அடிபட்டா?"

"ஆமா."

"அப்போ டாக்டரைக் கூப்பிடுங்க. நான் என்ன செய்ய?"

"கொலை, சார்ஜன். கொலைகாரனையும் பிடிச்சு உக்கார வச்சிருக்கோம். நீங்க வந்து விலங்கு மாட்டினா போதும்."

"செத்தது யாரு?"

"நம்ம யார்டு கூலிங்களோட மேஸ்திரி, மண்டோர் வில்லியம்."

வாழைப்பழம் மேஜைக்குப் போயிற்று.

வில்லியம்... ஞாயிறுதோறும் மாதா கோயிலில் லாரன்ஸுக்குப் பக்கத்தில் நின்று, எல்லோரும் ஒரு சுருதியில் பாடும்போது தான் மட்டும் இன்னொன்றில் பாடுகிறவன். பத்து வருஷமாக லாரன்ஸ் அந்தக் குரலை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தார். இப்போது தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

தீவுப் பட்டணமான ஜார்ஜ் டவுனில் மணிக்கூண்டு வைத்த அழகான ரயில் நிலையம் உண்டு. டிக்கெட் கிடைக்கும். ரயில்தான் கிடையாது! ரயிலைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் படகேறிக் கடலைத் தாண்டி பிறைக்குப் போக வேண்டும். இருபது நிமிஷக் கடல். போலீஸில் பன்னிரண்டு வருஷமாகியும் அந்த இருபது நிமிஷம் லாரன்ஸின் வயிற்றோடு ராசியாகவில்லை.

நாலு மணிக்குப் பச்சை முகத்தோடு பிறையில் இறங்கினார்.

உடலைக் கோணிச் சாக்கால் மூடியிருந்தார்கள். லாரன்ஸ் சாக்கை விலக்கிப் பார்த்தார். சிலுவை போட்டுக்கொண்டார். மூடினார்.

"எப்படி?"

ஸ்டேஷன் மாஸ்டர் விரலை நீட்டினார். தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடம்.

"ஏழாம் நம்பர் பாயிண்ட். ரயிலை இந்தப் பாதையிலருந்து அந்தப் பாதைக்குத் திருப்புற நாக்கு இருக்கே, அது நகரும்போது நடுவுல வில்லியமோட கால் மாட்டிக்கிச்சு. உருவ முடியல. அந்த நேரம் பார்த்து நாலு வேகன் உருண்டு வந்துச்சு."

"நிறுத்த முடியாதா?"

"எஞ்சின் தள்ளிவிட்ட வேகன். பிரேக் போட ஆளுங்க ஓடினாங்க. எட்டல."

"நாக்கை நகர்த்தினது யாரு?"

"காத்து."

லாரன்ஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நிஜமாத்தான், சார்ஜன். முன்னாடி இரும்புத் தடியை ரெண்டு பேர் பிடிச்சு இழுக்கணும். இப்போ எட்டு மாசமா காத்துதான். அந்தக் கம்ப்ரஸர் கொட்டகையில காத்தை அமுக்கி டாங்கியில அடைக்கிறோம். அங்கருந்து குழாய் வழியா யார்டு முழுக்கப் போகுது. கேபின்ல உக்காந்து சின்ன லீவரை இழுத்தா, இங்க காத்து பாய்ஞ்சு நாக்கைத் தள்ளும்."

"கேபின்ல யாரு இருந்தது?"

"அலாவுதீன். அவன் ஒருத்தன்தான். காலையில வில்லியமோட சண்டை போட்டான். 'உன் காலை ஒடிக்காம விடமாட்டேன்'னு கத்தினான். பத்துப் பேர் கேட்டாங்க. கயிறு தயாரா இருக்கு, கழுத்தும் தயாரா இருக்கு."

அலாவுதீன் கேபின் மூலையில் உட்கார்ந்திருந்தான். இருபத்து நாலு வயசு.

"காலை ஒடிக்கிறேன்னு சொன்னியா?"

"சொன்னேன் சார். போன வாரம் கழுத்தை நெரிக்கிறேன்னும் சொன்னேன். அதுக்கு முந்தின வாரம் அவரு என்னைக் கடல்ல தள்றேன்னாரு. நாங்க அப்படித்தான் பேசுவோம்லா."

"லீவரை எத்தனை தடவை இழுத்தே?"

"ஒரே தடவை. மூணு மணிக்கு. அப்போ பாயிண்ட்ல ஆளே இல்ல, பார்த்துட்டுத்தான் இழுத்தேன். அப்புறம் அந்தப் பக்கம் திரும்பி வேகனுக்கு சிக்னல் கொடுத்தேன். சிக்னல் கொடுத்துட்டா இந்த லீவர் தானா பூட்டிக்கும். வேகன் கடந்து போற வரைக்கும் யார் தொங்கினாலும் அசையாது."

லாரன்ஸ் அவனைச் சிக்னல் கொடுக்கச் சொல்லிவிட்டு, லீவரில் தொங்கிப் பார்த்தார். தோள்பட்டைதான் அசைந்தது.

"ஆளே இல்லேன்னு அவன் சொல்றான்" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். "கொலைகாரன் வேற என்ன சொல்வான்?"

படியிறங்கியதும் ஒருவன் வந்து சலாம் வைத்தான். நெஞ்சோடு ஒரு தடித்த புத்தகத்தை அணைத்திருந்தான். கம்ப்ரஸர் கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் முகம்மது சுல்தான்.

"காத்து எங்கிட்டத்தான் சார் இருக்கு. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை பிரஷர் முள்ளைப் பார்த்து எழுதறேன். இன்னிக்குப் பூரா எண்பது. மூணு மணியிலருந்து அலறல் கேக்கற வரைக்கும் முள்ளு முன்னாடியேதான் நின்னேன்."

புத்தகத்தை விரித்துக் காட்டினான். நெஞ்சிலிருந்து நகர்த்தாமலே காட்டினான். எண்பது, எண்பது, எண்பது...

"சுல்தானு, சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கியே. தையலெல்லாம் ஊர் பார்க்குது."

குரல் வந்தது பக்கத்துத் தேநீர்க் கடையிலிருந்து. கடைக்காரி சித்தி ஹாஜரா. அலாவுதீனின் அக்கா. வாயும் அடுப்பும் அணையாத பெண்மணி. ஆனால் கண் சிவந்திருந்தது.

"ஜும்மாவுக்கு அவசரமா கிளம்பினேன், லாத்தா" என்று அக்கா முறை வைத்துச் சொன்னான் சுல்தான். நகர்ந்துவிட்டான்.

லாரன்ஸ் கடைப் பலகையில் உட்கார்ந்தார். ஹாஜரா தேநீரை வைத்தாள். போகவில்லை. முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே நின்றாள்.

"சார்ஜன் தம்பி... திருட்டுக்கு எத்தனை மாசம் உள்ள போடுவீங்க?"

"என்ன திருடினாங்கறதைப் பொறுத்து."

"காத்து."

லாரன்ஸ் தேநீரைக் கீழே வைத்தார்.

"இந்தாங்க, பாருங்க." அவள் அடுப்புக்குப் பின்னால் ஒரு தகரத்தை நகர்த்தினாள். ரயில்வேயின் காற்றுக் குழாய் சுவரோரம் போயிற்று. அதன் மூட்டு ஒன்றில் சைக்கிள் டியூப் ஒன்று இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. டியூபின் மறுமுனை அடுப்புக்குள். கரி ஜெகஜ்ஜோதியாக எரிந்துகொண்டிருந்தது.

"மூட்டுல ஏற்கெனவே லீக்கு இருந்துச்சு. வீணாப் போற காத்துக்கு ஒரு வீடு கொடுத்தேன். எட்டு மாசமா விசிறியைத் தொட்டதில்ல. இதை வெளியே சொன்னா கடை போயிடும். அதான் இவ்வளவு நேரம் வாயை மூடிக்கிட்டிருந்தேன். என் தம்பி கழுத்தைவிடவா கடை பெரிசு?"

"இதுக்கும் உங்க தம்பிக்கும் என்ன அக்கா சம்பந்தம்?"

"யார் பாயிண்டை நகர்த்தினாலும் காத்து அங்க ஓடிடும். என் அடுப்புல தீ ஒரு தடவை குனிஞ்சு நிமிரும். மூணு மணிக்குக் குனிஞ்சுது. அப்போ வில்லியம் இங்கதான் நின்னாரு, இதே கிளாஸ்ல தே குடிச்சுக்கிட்டு. 'உன் தம்பி வேலை செய்யறான், அதிசயம்'னு சிரிச்சாரு. குடிச்சுட்டு ஏழாம் நம்பர் பக்கம் நடந்தாரு. ஒரு ரொட்டி வேகற நேரம் இருக்கும்... அடுப்பு மறுபடியும் குனிஞ்சுது. உடனே அலறல் கேட்டுச்சு, தம்பி." அவள் அழுதேவிட்டாள்.

முதல் முறை அலாவுதீன். இரண்டாவது முறை அவன் லீவர் பூட்டிக் கிடந்தது. அப்படியானால்...

லாரன்ஸ் எழுந்து ஸ்டேஷன் மாஸ்டரிடம் போனார்.

"கேபினை விட்டா வேற எங்கருந்து பாயிண்டை நகர்த்தலாம்?"

ஸ்டேஷன் மாஸ்டர் யோசித்தார். "பாயிண்ட் பக்கத்துலயே இரும்புப் பெட்டி இருக்கு. சோதனைக்காக உள்ள ஒரு பொத்தான். அதை அமுக்கினா லீவர் இல்லாமலே நகரும். ஆனா பெட்டி பூட்டியிருக்கே. ரெண்டே சாவிதான். ஒண்ணு வில்லியம் இடுப்புல, ஒண்ணு சுல்தான்கிட்ட."

வில்லியமின் சாவி வில்லியமின் இடுப்பிலேயே இருந்தது. லாரன்ஸ் பெட்டியைத் திறந்தார். பித்தளைப் பொத்தான் ஒன்று. அதன் பின்னால், எண்ணெய்த் துணியில் சுற்றி, ஆறு சின்ன டப்பாக்கள். சர்க்கார் முத்திரை இல்லாத கள்ள அபின்.

"காத்துப் பெட்டியில புகை வைக்கிறாங்களே" என்றார் லாரன்ஸ். "அக்கா, அடுப்பைப் பாருங்க. மத்தவங்க தள்ளி நில்லுங்க."

பொத்தானை அமுக்கினார்.

டஸ்ஸ்...

நாக்கு நகர்ந்தது. அதே நொடியில் பெட்டி காறித் துப்பியது. துருவும் எண்ணெயும் கலந்த செம்மண் நிறத் தண்ணீர் லாரன்ஸின் மார்பு முழுவதும் விசிறி போலத் தெறித்தது.

"குனிஞ்சுது" என்று கடையிலிருந்து கத்தினாள் ஹாஜரா. பிறகு அவரைப் பார்த்துவிட்டு, அந்தத் துக்கத்திலும் சிரித்தாள்.

லாரன்ஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஸ்டேஷன் மாஸ்டரிடம் திரும்பினார். "காத்துன்னு சொன்னீங்க. தண்ணி எங்கருந்து வந்துச்சு?"

"நம்ம ஊரு ஈரம், சார்ஜன். காத்தை அமுக்கினா ஈரம் தண்ணியா டாங்கியில தங்கும். தினம் அடிக் குழாயைத் திறந்து வடிக்கணும். வடிக்கலேன்னா இப்படித்தான். ஆனா சுல்தான் தினமும் வடிக்கிறானே. புத்தகத்துல எழுதியிருக்கானே."

லாரன்ஸ் தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கம்ப்ரஸர் கொட்டகை. சுல்தான் புத்தகத்தோடு எழுந்து நின்றான். லாரன்ஸின் பின்னாலேயே ஸ்டேஷன் மாஸ்டரும் ஹாஜராவும் வந்தார்கள்.

"சுல்தான், இப்போ முள்ளு எவ்வளவு காட்டுது?"

சுல்தான் திரும்பிப் பார்த்தான். விழித்தான்.

"எழுபத்திரண்டு..."

"அக்கா அடுப்பு எரியற நேரமெல்லாம் எழுபத்திரண்டுதான். எட்டு மாசமா தினம் எரியுது. உன் புத்தகத்துல எட்டு மாசமா எண்பது. நீ ஒருநாளாவது முள்ளைப் பார்த்திருந்தா காத்து திருடு போறது தெரிஞ்சிருக்கும்."

சுல்தான் உதட்டை நக்கினான். பிறகு அசட்டுச் சிரிப்பு சிரித்தான்.

"சரி சார். காலையிலயே பூராவும் எழுதிடுவேன். அப்புறம் தூங்குவேன். இன்னிக்கும் தூங்கினேன். தூங்கினதுக்குத் தூக்கா போடுவீங்க?"

"மாட்டேன். புத்தகத்தைக் கீழே வை. சட்டையைக் கழட்டு."

"எதுக்கு சார்?"

"புழுக்கமா இருக்கு."

சட்டை கழன்றது. லாரன்ஸ் அதை வாங்கி உதறி, நேராகத் திருப்பினார். மார்பு முழுவதும் செம்மண் நிறக் கறை. விசிறி போல. லாரன்ஸின் சட்டையில் இருந்த அதே விசிறி.

"டாங்கி வடிச்சப்போ தெறிச்சது சார். ஜும்மாவுக்கு முன்னாடி."

"ஜும்மா முடிஞ்சு ரெண்டு மணிக்கு என் கடையில கோப்பி குடிச்சே" என்றாள் ஹாஜரா. "அப்போ சட்டை நேரா இருந்துச்சு. வெள்ளை வெளேர்னு இருந்துச்சு. புதுசான்னுகூடக் கேட்டேனே."

"அதுக்கு அப்புறம் வடிச்சேன், லாத்தா. ரெண்டரை மணிக்கு. சுத்தமா வடிச்சேன். ஒரு சொட்டு இல்லாம."

"ஒரு சொட்டு இல்லாம?"

"அல்லாஹ் மேல ஆணையா."

லாரன்ஸ் ஒரு வாளியை இழுத்து டாங்கியின் அடிக் குழாய்க்குக் கீழே வைத்தார். திருகினார்.

செம்மண் நிறத் தண்ணீர் பீறிட்டது. வாளி நிரம்பியது. இன்னொரு வாளி நிரம்பியது. மூன்றாவது வாளியைத் தேடுவதற்குள் தண்ணீர் கொட்டகைத் தரையில் ஓடி சுல்தானின் செருப்பை நனைத்தது.

தண்ணீர்தான் பேசிக்கொண்டிருந்தது.

"ஒரு நாளாவது இதைத் திறந்திருந்தா பெட்டி உன் மேல துப்பியிருக்காது" என்றார் லாரன்ஸ். "சட்டையைத் திருப்பிப் போட வேண்டிய அவசியமும் வந்திருக்காது. சோம்பேறித்தனத்தால மாட்டின முதல் கொலைகாரன் நீதான்னு நினைக்கிறேன்."

சுல்தான் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்தான்.

"வில்லியம் பெட்டியைத் திறந்து டப்பாவைப் பார்த்துட்டான் சார். பூட்டிட்டுத் திரும்பினான், நான் நின்னேன். போலீசுக்குப் போறேன்னு சொல்லிட்டுத் தண்டவாளத்தைத் தாண்டினான். கெஞ்சினேன். நாக்குக்கு நடுவுல காலை வச்சு நின்னு என்னை ஏசினான். வேகன் வர்றது தெரிஞ்சுது... என் சாவி கையிலேயே இருந்துச்சு."

லாரன்ஸ் விலங்கை மாட்டினார். வருகிற ஞாயிறு கோயில் பாட்டு முதல் தடவையாகச் சுருதி தப்பாமல் இருக்கும். அவரால் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது.

வெளியே அலாவுதீனை விடுவித்திருந்தார்கள். ஹாஜரா அவன் முதுகில் ஓர் அறை விட்டாள். "இனிமே காலு கையி ஒடிக்கிற பேச்சு பேசுவியா?" பிறகு கட்டிக்கொண்டு அழுதாள்.

ஸ்டேஷன் மாஸ்டர் தொண்டையைக் கனைத்தார். சட்டம் என்றால் சட்டம் என்கிற முகம்.

"சார்ஜன், கொலைக் கேஸ் சரி. ரயில்வே சொத்தை எட்டு மாசமா இந்தம்மா திருடியிருக்காங்க. அதையும் எழுதிக்கணும். நாளைக்கு என்னைத்தான் கேட்பாங்க."

ஹாஜராவின் கை அலாவுதீனின் தோளிலேயே நின்றுவிட்டது.

லாரன்ஸ் பொறுமையாக நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டார்.

"எழுதிட்டாப் போச்சு. ஆனா ஒண்ணு சார். திருட்டுக் கேஸ்னா திருடின பொருளைக் கைப்பற்றி, சீல் வச்சு, லைட் ஸ்ட்ரீட் கோர்ட்ல மாஜிஸ்திரேட் மேஜைமேல வைக்கணும்."

"அதனால?"

"உள்ள போய் ஒரு நல்ல சாக்கா பார்த்து எடுத்துட்டு வாங்க. ஓட்டை இல்லாத சாக்கா."