ஐந்து தனி வாக்கியங்கள்

காலையில் கவுண்டர் திறந்ததும் ஜனங்கள் மூச்சு விடாமல் பேசுவார்கள். அதை ஆங்கிலத்தில் எழுதி, நடுநடுவே முற்றுப்புள்ளி வைப்பது என் உத்தியோகம். ஓசூர் நீதிக்கூடத்தில் நீதிபதி கிடையாது, தீர்ப்புப்பொறிதான். வக்கீல்களை ஒழித்தபோது ஏழைகளுக்கு விடிவுகாலம் என்றார்கள். கமாவை யாரும் யோசிக்கவில்லை.

பொறிக்கு ஆங்கிலம் மட்டுமே தெரியும். இரண்டு முழு வாக்கியங்களை வெறும் கமாவால் ஒட்டினால் அது ‘கமா ஒட்டு’. நடுவில் ஒன்றுமே இல்லாமல் ஓடவிட்டால் ‘ஓடுதொடர்’. எதுவானாலும் மனுவைத் துப்பிவிடும். இரண்டாம் முறை துப்பினால் வழக்கு அதோடு சரி.

மாதம்மாளின் மனுவை ஏற்கெனவே ஒருமுறை துப்பியிருந்தது. அவருடைய மருமகன் எழுதியதில் ஐந்து வாக்கியங்களுக்கும் இடையே கமாதான்.

“என்னம்மா நடந்துச்சு?”

“கம்பெனில கதவ வெளிய பூட்டிட்டாங்க சார், பேட்டரி வெடிச்சுது, எம் பொண்ணு ரோசா தட்டிக்கிட்டே இருந்தா, யாரும் தொறக்கல, செத்துட்டா சார்.”

“நிறுத்தி நிறுத்திச் சொல்லணும்மா.”

“நிறுத்தி நிறுத்தியா சார் நடந்துச்சு?”

எனக்குச் சுருக்கென்றது. ‘பிகாஸ்’ போட்டுச் சேர்க்கலாம், இலக்கணம் இடம் கொடுக்கும். ஆனால் ‘இதனால் அது’ என்று எழுதினால் பொறி ஆதாரம் கேட்கும். கேமராப் பதிவு கம்பெனி கையில். ஆதாரம் இல்லையென்றால் அதையும் துப்பிவிடும். அதனால் எங்கள் அலுவலகத்தில் யாரும் இணைப்புச்சொல்லைத் தொடுவதே இல்லை. இதை மாதம்மாளிடம் சொன்னேன்.

“நீங்க படிச்சவங்க. எப்படியாவது எம் பொண்ணுக்கு ஞாயம் கெடைக்கணும் சார்.”

ஐந்து முற்றுப்புள்ளி வைத்தேன். கதவு வெளியே பூட்டப்பட்டிருந்தது. மின்கலம் வெடித்தது. ரோசா கதவைத் தட்டினாள். யாரும் திறக்கவில்லை. ரோசா இறந்தாள்.

மனுவைப் பொறியில் செருகியதும் பச்சை விளக்கு எரிந்தது, ஏற்றுக்கொண்டுவிட்டது. மாதம்மாள் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குக் கும்பிடா, பொறிக்கா, தெரியவில்லை. சற்று நேரத்தில் தீர்ப்பு வந்தது. அதைத் தமிழில் படித்துக் காட்டினேன்.

“ஐந்து வாக்கியங்களும் உண்மை. ஒன்றுக்கொன்று தொடர்பு கூறப்படவில்லை. எவரும் பொறுப்பல்ல. வழக்கு முடிந்தது.”

மாதம்மாள் அழவில்லை. கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அப்ப கதவு ஒரு பக்கம் பூட்டிக்கிச்சு, எம் பொண்ணு ஒரு பக்கம் செத்துட்டா, அவ்ளோதானா சார்?”

மனுவில் அப்படித்தான் இருந்தது. எழுதியவன் நான்.

பின்னால் வரிசை நெரிந்தது. “அடுத்து யாரு, வாங்க” என்றேன்.