நாலாவது திரை

பர்மாவின் பசுந்தாங் பேட்டையில் அந்தப் பழைய கட்டடத்துக்குள் நுழைந்ததும் முதலில் மூக்கில் ஏறியது ஈரச் சுவரின் நாற்றம்தான். கீழ்த்தளத்தில் காஜா மைதீன் மாமாவின் கல்யாணப் பத்திரிகைக் கடை. என் அக்கா லத்தீபா லாத்தா கம்ப்யூட்டரில் பத்திரிகைகளை வடிவமைத்தாள். அச்சான அட்டைகளை மடிப்பது என் வேலை. இரண்டாயிரத்து ஒன்பதின் மழைக்காலம் அது.

வாசோ பௌர்ணமி வந்துவிட்டால் பர்மாக்காரர்கள் மூன்று மாதத்துக்குக் கல்யாணம் வைக்க மாட்டார்கள். அதனால் எல்லோருக்கும் அதற்கு முன்பே பத்திரிகை வேண்டும்.

"பௌர்ணமிக்குள்ள முடிக்கலன்னா வேற ஆளப் பாத்துக்குவேன் புள்ள" என்று மாமா சொல்லியிருந்தார். வேறு ஆள் வந்தால் லாத்தாவும் நானும் லைங் தாயாவுக்குத் தையல் ஆலை பஸ் ஏற வேண்டியதுதான்.

மேசையில் ஒரே கம்ப்யூட்டருக்கு மூன்று திரைகள் இருந்தன. படங்கள் ஒன்றில், பத்திரிகை நடுவில், எழுத்துகள் சுவரோரத் திரையில். அம்புக்குறியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கொண்டுபோக லாத்தா மவுஸை இழுத்து, தூக்கி, மறுபடி இழுப்பாள். மணிக்கட்டு வீங்கிவிட்டது.

மெஷின் பழுது பார்க்க வந்த ஜுல்ஃபிகர் அண்ணன், பர்மா வழக்கில் எங்களுக்குக் கோ ஜுல்ஃபிகர், அதைப் பார்த்துச் சிரித்தார். "ஒங்க அம்பு போய்ச் சேர்றதுக்குள்ள நான் லைங் தாயாவுக்கே போய்ட்டு வந்துருவேன் போல."

"அங்கதான் எங்கள அனுப்பப் பாக்குறாங்க" என்றாள் லாத்தா.

அவர் ஏதோ ஒரு சின்ன புரோகிராமைப் போட்டார். ஒரு பொத்தானை அழுத்தினால் அம்பு அடுத்த திரையின் நடுவில் குதிக்கும். லாத்தா அழுத்தினாள். இரண்டாவது திரை. அழுத்தினாள். மூன்றாவது. மறுபடி அழுத்தினாள்.

அம்பைக் காணவில்லை.

இன்னொரு தடவை அழுத்தியதும் முதல் திரைக்கு வந்தது.

கோ ஜுல்ஃபிகர் மேசைக்குப் பின்னால் குனிந்து வயர்களைப் பார்த்தார். மூன்றுதான்.

"மெஷின் நாலுன்னு எண்ணுது" என்றார். பிறகு மாமாவின் அறையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "முன்னாடி நாலு இருந்துச்சு. ஃபக்ருன்னிசான்னு ஒரு பொண்ணு வேலை பாத்தா. கரண்ட் போயிருந்தப்ப ஈரக் கையால கடைசித் திரையத் தொட்டிருக்கா. அந்த நேரம் பாத்து கரண்ட் வந்துருச்சு. தெருவே 'மீ லா பீ'ன்னு கத்துச்சா, அவ கத்துனது யாருக்கும் கேக்கல."

எங்கள் ஊரில் விளக்கு வந்துவிட்டது என்று அப்படித்தான் கத்துவார்கள். எல்லா மாடியிலிருந்தும், சிறு பிள்ளைகள் முதல் பெரியவர்கள் வரை.

"அந்த நாலாவத எடுத்துர முடியாதா கோ?" என்றாள் லாத்தா.

"எடுக்க அங்க ஒண்ணும் இல்லையே. ஒரு தடவ கூடுதலா அழுத்திக்கம்மா."

லாத்தா அழுத்திக்கொண்டாள். வேலை பறந்தது. மாமா முகத்தில் சிரிப்பு வந்தது.

ஆனால் ஒவ்வொரு நாளும் அம்பு திரும்பி வர அதிக நேரம் எடுத்தது. ஒரு தடவை அழுத்தினால் போதவில்லை. அது வராத நேரங்களில் சுவரிலிருந்து மவுஸைத் தட்டும் சத்தம் மெதுவாகக் கேட்டது. கூடவே, பெண்கள் முகத்தில் பூசும் தனக்காவை அப்போதுதான் அரைத்த வாசனை.

பாசி படர்ந்த அந்தச் சுவரில் ஒரு இடம் மட்டும் சதுரமாகக் காய்ந்திருந்தது. ஒரு திரையின் அளவு. கையை வைத்தேன்.

சூடாக இருந்தது.

"லாத்தா, செவரு சுடுது."

"நல்லதாப் போச்சு அப்ஸானா. ஈரத் துணியக் கொண்டாந்து காயப் போடு."

பௌர்ணமிக்கு முந்தின நாள் மத்தியானம் கரண்ட் போனது. மழை இருட்டு. வாசலிலிருந்து தண்ணீர் மேசைக்கடி வரை வந்திருந்தது. கரண்ட் போனால் திரைகளின் வயர்களைப் பிடுங்கிவிட வேண்டும். நான் குனிந்தேன்.

"பிடுங்காத" என்றாள் லாத்தா. "மறுபடி மாட்டி எழுப்ப நேரமாகும். இன்னும் ஒரே ஒரு பத்திரிகைதான்."

நிமிர்ந்தேன். மூன்று திரைகளும் கறுப்பாக இருந்தன.

மூன்றாவதில் வெள்ளை அம்பு நின்றது.

"வந்துருச்சு பாரு" என்று லாத்தா கிசுகிசுத்தாள்.

அம்பு சுவர்ப்பக்கம் நகரத் தொடங்கியது.

மெல்ல. யாரோ கூப்பிட்டுப் போவது போல.

"போவாத" என்று லாத்தா அதன்மேல் விரலை வைத்தாள்.

"மீ லா பீ!"

தெரு முழுக்கக் கத்தியது. கைதட்டினார்கள். லாத்தாவின் வாய் திறந்திருந்தது. அவள் குரல் எனக்குக் கேட்கவில்லை.

மூன்றாவது திரையையும் மாமா வெளியே தூக்கிப் போட்டார். மூன்று மாதம் கழித்துக் கல்யாணங்கள் மறுபடி தொடங்கின. லாத்தாவின் நாற்காலியில் என்னை உட்கார வைத்தார். லைங் தாயாவுக்கு நான் போகவில்லை.

இப்போது இரண்டு திரைகள். பொத்தானை இரண்டாவது தடவை அழுத்தியதும் அம்பு மறைந்துவிடுகிறது. மூன்றாவது தடவையும் வருவதில்லை. நாலாவது தடவைதான் என்னிடம் வருகிறது. சுவரில் இரண்டு சதுரங்கள் பக்கத்துப் பக்கத்தில் காய்ந்திருக்கின்றன. இரண்டும் சூடு.

சற்று முன்பு கரண்ட் போனது. எல்லா வயர்களையும் பிடுங்கிவிட்டேன். அவை என் மடியில்தான் கிடக்கின்றன.

இரண்டாவது திரையில் அம்பு நிற்கிறது.

தெரு இன்னும் கத்தவில்லை.