மறுபடி இவரிடம் வருவீர்களா?

அந்த முகத்தை எங்கே பார்த்தாலும் அவளுக்கு அடையாளம் தெரியும்.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேப்பின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவன் உள்ளே வந்தான். சொட்டுகிற குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தான். நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. பெரிய கண்கள்... இமையில் ஒரு மழைத்துளி விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. வேறொருத்தியாக இருந்தால் அந்தக் கண்களை இன்னொரு தடவை பார்த்திருப்பாள். அவளும் பார்த்தாள். ஆனால் அது வேறு காரணத்துக்காக.

அவனேதான். போன வருடம் மருத்துவக் கல்லூரி நேர்காணலில் மேஜையைத் தட்டி அவளைப் பார்த்துக் கத்தியவன்.

அவன் சட்டைக் கையை மடித்துவிட்டு ரத்தம் எடுக்கும் நாற்காலியில் உட்கார்ந்தான். ஏதோ நாடகக் குழுவோடு வெளியூர் போக வேண்டுமாம், உடம்பு நன்றாக இருக்கிறது என்று சான்றிதழ் வேண்டுமாம். அவள் ரப்பர் பட்டையை எடுத்து அவன் கையில் கட்டினாள். கொஞ்சம் இறுக்கமாகவே.

"வலிக்குதுங்க..."

"வலிக்கத்தான் செய்யும். போன வருஷம் என்னா கத்து கத்துனீங்க... இப்ப கத்துங்க, பாப்போம்."

அவன் நிமிர்ந்தான். அவள் முகத்தைப் பார்த்தான். கையில் இருந்த ஊசியைப் பார்த்தான். சட்டென்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டான்.

"நீங்கதானா... எனக்கு ஊசின்னா பயங்க. அதை மட்டும் கொஞ்சம் மனசுல வச்சுக்குங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விழுங்கினாள். இவன் முன்னால் சிரிப்பதா? இவன் முன்னால் சிரித்தால் அவள் அழுத அழுகைக்கெல்லாம் என்ன மரியாதை?

மூன்று முறை விண்ணப்பித்தாள். மூன்று முறையும் ஒரே பதில். தகுதியானவர்கள் அதிகம் பேர் விண்ணப்பித்ததால் வருந்துகிறோமாம். தகுதி இல்லை என்று சொல்லித் தொலைத்திருந்தாலாவது ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதுவிட்டு வேறு வேலையைப் பார்த்திருப்பாள். தகுதி இருக்கிறது, இடம்தான் இல்லை என்றால் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது? வருந்துகிறார்களாம். வருந்துகிறவர்கள் முகத்தை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

சின்ன வயதில் பொம்மைக்குக் கட்டுப் போட்டதற்காக வீட்டில் வைத்த பெயர் டாக்டரம்மா. அப்போது அது செல்லப் பெயர். இப்போது அக்கா வீட்டுக்காரர் சாப்பிடும்போது, "டாக்டரம்மா, அந்த உப்பை எடுங்க" என்பார். அந்த உப்பு நேராகப் புண்ணில்தான் விழும். நாலாவது தடவைதான் கடைசி என்று அப்பா சொல்லிவிட்டார். திட்டிச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். அவர் அவள் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

போன வருடம் மட்டும் நேர்காணல் வரை போனாள். மார்க் மட்டும் போதாதாம், மனிதர்களோடு பேசத் தெரிகிறதா என்று பார்க்க ஓர் அறை வைத்திருந்தார்கள். அதில் கூலிக்கு ஒரு நடிகன். நோயாளியின் மகனாக நடிப்பான். அம்மாவின் ஆபரேஷனை மூன்று தடவை தள்ளிப்போட்டுவிட்டார்கள் என்று கத்துவான். அவனை அமைதிப்படுத்த வேண்டும். குரலை உயர்த்தாதே, புன்னகை செய், உங்கள் வருத்தம் புரிகிறது என்று சொல்... பயிற்சி வகுப்பில் கிளிக்குச் சொல்வது போலச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவளும் சொன்னாள்.

"உனக்கு என்ன புரியும்?" என்று மேஜையைத் தட்டினான் அவன்.

அவ்வளவுதான். அவள் எழுந்துவிட்டாள். மூன்று தடவையா, எவன் தள்ளிப்போட்டான், வாங்க போய்க் கேட்போம் என்று கதவு வரைக்கும் போய்விட்டாள். நாடகம் என்பதே மறந்து போயிற்று. ஓரத்தில் உட்கார்ந்திருந்த தேர்வாளர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முடிந்தது கதை.

எல்லாம் இவனால்தான். அந்த நினைப்போடு ஊசியை உருவினாள், அந்த நினைப்போடு குழாயை மூடினாள், அந்த நினைப்போடு அதை நன்றாகக் குலுக்கினாள்.

குலுக்கக் கூடாது. மெல்லச் சாய்த்து நிமிர்த்த வேண்டும். இது முதல் வாரத்தில் வேலைக்கு வருகிறவர்களுக்கே தெரியும். மதியம் உள்ளேயிருந்து லேப் மெஷின் பார்க்கும் மூத்தவள் குழாயைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ரத்தம் உடைந்து போயிருக்கிறது, இதை வைத்து ஒன்றும் பார்க்க முடியாது, யாருடி இதைக் குலுக்கினது என்று கேட்டாள். அவள் போனை எடுத்து, யாரைப் பார்க்கவே கூடாது என்று நினைத்தாளோ அவனிடமே மறுபடி வெறும் வயிற்றோடு வரச் சொன்னாள்.

மறுநாள் காலை அவன் வந்தான். அவள் சுற்றி வளைக்கவில்லை. கோபத்தில் குலுக்கிவிட்டேன், தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டாள். அதற்கும் அவன் சிரித்தான்.

"அன்னிக்கு நான் கத்துனதுக்கு இது சரியாப் போச்சுங்க."

"எப்படிச் சரியாப் போகும்? கத்துனது ஒரு தடவை, குத்துனது ரெண்டு தடவை."

"அப்ப இன்னொரு தடவை கத்தட்டுமா?"

இந்த முறை சிரிப்பை விழுங்க முடியவில்லை. கையைப் பஞ்சால் அழுத்திப் பிடித்தபடி, நாலாவது தடவை விண்ணப்பம் போடுகிறீர்களா என்று அவன் கேட்டான். ஆமாம் என்றாள், சண்டைக்குத் தயாராக. ஊரில் அத்தனை பேரும் கேட்ட அடுத்த கேள்வி "இன்னுமா?" என்பதுதான். அவன் மட்டும் "எப்போ?" என்று கேட்டான்.

அன்று ராத்திரி அவளுக்கு அந்த ஒற்றை வார்த்தை காதிலேயே இருந்தது... எப்போ... எப்போ...

வெளியூர் போய்த் திரும்பியதும், ஊசிக்குப் பயந்த அந்த மனிதனுக்கு வரிசையாகச் சந்தேகம் வந்தது. முதலில் சர்க்கரை இருக்குமோ என்று. அப்புறம் கொழுப்பு இருக்குமோ என்று.

"டெஸ்ட்டே வேணாம். உங்களுக்குக் கொழுப்பு நிறைய இருக்கு. நானே எழுதித் தரேன்."

சில நாள் அவள் வேலை முடிந்து வெளியே வரும்போது மழை பிடித்துக்கொள்ளும். அவன் குடையோடு நிற்பான். எதிர்க் கடையின் தகரக் கூரைக்குக் கீழே இரண்டு டீ. அவன் நாடகத்தில் சொதப்பிய கதைகளைச் சொல்வான். அவள் திட்ட வேண்டியவர்களை எல்லாம் வரிசையாகத் திட்டுவாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்பான். நேர்காணலைப் பற்றி மட்டும் வாயே திறக்க மாட்டான். அந்த அறையில் நடந்தது வெளியே வரக் கூடாது என்பது விதி என்பான். அவன் நேர்மை அவளுக்குப் பிடித்தது. எரிச்சலாகவும் இருந்தது. அவன் பேசாமல் தன்னையே பார்க்கிறபோது என்ன செய்வதென்று தெரியாமல், ஆறிப்போன டீயை ஊதி ஊதிக் குடித்தாள்...

நாலாவது விண்ணப்பத்துக்கு நேர்காணல் அழைப்பு வந்தது. அந்த வாரம்தான் அக்கா வீட்டுக்காரர் தகரக் கூரைக்குக் கீழே இருவரையும் பார்த்துவிட்டார். அவன் யார், அந்தக் கல்லூரியில் என்ன வேலைக்குப் போவான் என்பதை அவள் அக்காவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். அக்காவிடம் சொன்னால் அவருக்கும் சொன்ன மாதிரிதான்.

"டாக்டரம்மாவுக்கு இந்தத் தடவை சீட் உறுதி," என்றார் அவர், தட்டைப் பார்த்துக்கொண்டே. "உள்ளயே ஆள் பிடிச்சாச்சு."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவர் குனிந்ததுதான் அவளைச் சுட்டது.

"மூணு தடவை யாரும் இல்லாமத்தான் போனேன், மாமா. நாலாவது தடவையும் அப்படித்தான் போவேன்."

சொல்லிவிட்டாள். ஆனால் தூக்கம் வரவில்லை. மறுநாள் லேப் வாசலில் அவனை நிறுத்தினாள். நீங்கள் அந்த அறையில் இருந்தால் நான் உள்ளே வர மாட்டேன், எனக்காக நீங்கள் விலகினாலும் வர மாட்டேன், இரண்டுமே எனக்குப் போடுகிற பிச்சைதான் என்றாள். இனிமேல் வர வேண்டாம் என்றும் சொன்னாள். என்ன நியாயம் இது என்று அவளுக்கே தெரியவில்லை. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். சொல்லவில்லை. மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போனான். குடையை விட்டுவிட்டுப் போனான்.

நேர்காணல் அறைக்கதவைத் திறந்தாள். உள்ளே அவன் இல்லை. ஒரு நடுத்தர வயதுப் பெண் இருந்தாள். அப்பாடா என்று இருந்தது. கூடவே ஏமாற்றமாகவும் இருந்தது. அந்தப் பெண், தன் வீட்டுக்காரரின் பரிசோதனை முடிவைத் தொலைத்துவிட்டார்கள் என்று கத்தத் தொடங்கினாள். உங்கள் வருத்தம் புரிகிறது என்ற வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது. அதைத் துப்பிவிட்டாள். நாற்காலியை அந்தப் பெண்ணின் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"உங்களுக்குக் கோபம் வரணும். எனக்கே வருது. முதல்ல என்ன நடந்துச்சுன்னு முழுசாச் சொல்லுங்க. அப்புறம் ரெண்டு பேருமாப் போய்க் கேப்போம்."

இடம் கிடைத்துவிட்டது.

கொஞ்ச நேரம் அழுதாள். அப்புறம் கோபம் வந்தது. அதே பெண்தானே, அதே மூளைதானே? இத்தனை வருடம் எங்கே வைத்திருந்தார்கள் இந்த இடத்தை? அக்கா வீட்டுக்காரர் வீடு முழுக்கக் கேட்கும்படி, நான் அப்பவே சொன்னேனே என்று ஆரம்பித்தார். அவரைத் திட்டலாம் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் அப்பா, "டாக்டரம்மா..." என்று கூப்பிட்டார். பொம்மைக்குக் கட்டுப் போட்ட நாளில் கூப்பிட்ட அதே குரல். திட்டு தொண்டையிலேயே கரைந்துவிட்டது.

லேப்பில் கடைசி நாள். வெளியே மழை. நாற்காலியில் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தான் அவன்.

"டாக்டர் எழுதுன சீட்டு எங்க?"

"டெஸ்ட் ஒண்ணும் இல்லைங்க."

"அப்புறம் எதுக்குக் கையை நீட்டறீங்க?"

"வேற எப்படி வந்தா என் கையைப் பிடிப்பீங்கன்னு தெரியல..."

கன்னம் சூடாயிற்று. ஆனால் முதலில் கேட்க வேண்டியதைக் கேட்டாள். எனக்காகத்தானே விலகினீர்கள், வேண்டாம் என்று சொன்னேன் இல்லையா என்றாள்.

"நீங்க சொல்றதுக்கு ரொம்ப முன்னாடியே விலகிட்டேன். தெரிஞ்சவங்க யாராவது விண்ணப்பம் போட்டா சொல்லணும், அதுதான் விதி. ரெண்டாவது தடவை குத்துனீங்களே, அன்னிக்குச் சாயங்காலமே போய்ச் சொல்லிட்டேன். ஒருத்தரைத் தெரியும்னு."

"அன்னிக்கு என்னைப் பத்தி என்ன தெரியும் உங்களுக்கு? ஒரு சண்டை, ரெண்டு ஊசி."

"உங்களுக்கு அவ்வளவுதான்... எனக்கு அதுக்கு முந்தின வருஷத்துலேருந்தே உங்களைத் தெரியும்."

அவள் மேஜையிலிருந்த ரப்பர் பட்டையை எடுத்தாள்.

"இப்ப சொல்லலாம்," என்றான் மெதுவாக. "ஒவ்வொருத்தரும் வெளிய போனதும் நடிக்கிற எங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி கேப்பாங்க. மறுபடி இவர்கிட்ட வருவீங்களான்னு. அன்னிக்கு எல்லாரும் அழகாத்தான் பேசுனாங்க. ஆனா இல்லாத ஒரு அம்மாவுக்காகக் கதவு வரைக்கும் போனது நீங்க ஒருத்தர்தான். நான் வருவேன்னு சொன்னேன். சிரிச்சாங்க."

"சிரிச்சாங்களா? யாரு?"

அவள் பார்வை வாசலுக்குப் போயிற்று. இப்போதே கிளம்பிப் போய்க் கேட்டுவிடுவாள் போலிருந்தது.

"பாத்தீங்களா... இந்தக் கோபம்தாங்க. அன்னிலேருந்து எனக்கு வேற எதுவும் தோணல. உங்களைப் பிடிச்சிருக்கு."

அவள் கையிலிருந்த ரப்பர் பட்டையை விரலில் சுற்றினாள். பிரித்தாள். மறுபடி சுற்றினாள்.

"எனக்கும்தான் பிடிச்சிருக்கு. இத்தனை நாள் சொல்லாம வச்சிருந்ததுக்கு என் மேலயே கோபமா இருக்கு." அவள் பட்டையைப் பிரித்தாள். "வருஷக்கணக்கா படிக்கணும் நான். அதுக்கப்புறமும் இந்தக் கோபம் போகாது. யோசிச்சுச் சொல்லுங்க... மறுபடி வருவீங்களா?"

"அது போயிடுச்சுன்னாதான் நான் வேற டாக்டரைத் தேடணும்."

அவன் பழக்கத்தில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கையை நீட்டினான். அவள் ரப்பர் பட்டையை மேஜையில் வைத்துவிட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.