அக்டோபர் அலமாரி

விஜயதசமி காலை ஒன்பது மணி. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்த தமிழ் வாசகசாலையில், சுண்டலைச் சீண்ட ஆளில்லை. முந்தின நாள் மாலை சரஸ்வதி பூஜைக்கு அடுக்கி வைத்த புத்தகங்களின் முதுகுத் தலைப்புகளைப் பட்டியலோடு ஒப்பிட்டால், ஒன்றைக் காணோம்.

"சாவி ரெண்டே ரெண்டு. ஒன்னு என்கிட்ட, ஒன்னு உன்கிட்ட," என்றார் தலைவர் முகுந்தன். "நான் எடுக்கல. அப்ப யாரு?"

நூலகர் குமுதா தலைகுனிந்து நின்றாள்.

"மத்தியானம் கமிட்டி கூடுது. அதுக்குள்ள வரலன்னா நீ வேற வேலை பார்த்துக்க."

கிள்ளானிலிருந்து பூஜைக்கு ரயிலேறி வந்திருந்த ரமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் போலீஸில் சார்ஜெண்டாக இருந்து ஓய்வு பெற்றவள். சாவி வைத்திருப்பவர்தான் திருடர் என்றால் துப்பறிய ஆளே தேவையில்லை, பூட்டுக்கடைக்காரனே போதும்.

"என்ன பொஸ்தகம் குமுதா?"

"லோகேஸ்வரி அக்கா எழுதினது, ஆன்டி. சின்னப் பொஸ்தகம்."

லோகேஸ்வரி இரண்டு வருடத்துக்கு முன் மார்பகப் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தவள். சாவதற்கு முன் தன் நோயைப் பற்றித் தானே எழுதி, கைக்காசு போட்டு அச்சடித்தாள்.

குமுதா மாதம் ஓர் அலமாரியை அலங்கரிப்பாள். தைப்பூசத்துக்குப் பக்தி நூல்கள், பள்ளி விடுமுறைக்குச் சிறுவர் கதைகள், மழைக்காலத்துக்குத் திகில் கதைகள். அக்டோபர் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம் என்பதால் இளஞ்சிவப்புத் தாள் ஒட்டி நோய், மருத்துவம், பெண்கள் நலம் என்று வைத்திருந்தாள். அந்தப் புத்தகங்களைத்தான் இந்த வருடம் பூஜைக்கும் வைத்தார்கள்.

"கோயில் மாதிரி இடத்துல இந்தப் பொம்பளை சமாச்சாரம்லாம் வேணாம்னு அப்பவே சொன்னேன்," என்று முகுந்தன் முனகினார்.

"வேற காப்பி இருக்கா?" என்று ரமணி குமுதாவைக் கேட்டாள்.

"இல்ல ஆன்டி. மிச்சத்தையெல்லாம் தங்கமணி ஆன்டி ஞாபகத்துக்குன்னு வாங்கிட்டுப் போய்ட்டாங்க. இது ஒன்னுதான் இங்க இருந்துச்சு."

"அலமாரியில வைக்கணும்னு உனக்கு எப்படித் தோணுச்சு?"

"ஒரு ரீடர் படிச்சுட்டு ரெக்கமெண்ட் பண்ணாங்க. பேரைச் சொல்லாதீங்கன்னாங்க."

ரமணி அதற்கு மேல் அவளைக் குடையவில்லை. மூலையில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த தங்கமணியின் பக்கம் திரும்பினாள். லோகேஸ்வரியின் அக்கா. நேற்று சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்து அடுக்கியதெல்லாம் அவள்தான்.

"அக்கா, பொஸ்தகத்தைக் கடைசியா யாரு பார்த்தா?"

"நான்தான். என் தங்கச்சி பொஸ்தகத்துக்குத்தான் முதல் பொட்டே வச்சேன். அதை அடியில வச்சு, வச்ச கையோட மத்ததெல்லாம் மேல அடுக்கினேன்."

"அடியில இருந்ததால வேற யாரும் பார்க்கல."

"ஆமா."

"அப்புறம் எல்லாரும் ஒன்னாத்தான் கிளம்பினீங்க?"

"ஒன்னாத்தான் லா. குமுதாதான் பூட்டிச்சு."

ரமணி பூஜை மேசைக்குப் போனாள். அடுக்கின் மேல் செவந்திப் பூக்கள் நேற்று குவித்தபடியே இருந்தன. அடிப் புத்தகத்தை உருவியவன் மேலே ஒரு பூவைக்கூடச் சரிய விடவில்லை. அவ்வளவு பக்தியுள்ள திருடனை அவள் தன் உத்தியோக காலத்தில் கண்டதில்லை.

காலை பூஜை முடிந்திருந்ததால் புத்தகங்களைத் தொடலாம். பூவை ஒதுக்கி, ஒவ்வொன்றாக எடுத்து முன்னும் பின்னும் பார்த்தாள். கடைசிப் புத்தகத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"தலைவரே, ராத்திரி யாரும் இங்க வரல. பொஸ்தகம் இந்த அடுக்குல இருந்ததே இல்ல."

"அக்கா வச்சேன்னு சொல்றாங்களே!"

"பொட்டு ஈரமா இருக்கறப்பவே அடுக்கியிருக்காங்க. அதனால கீழ இருந்த பொட்டு, மேல இருந்ததோட பின்னட்டையில ஒட்டியிருக்கு. ஒன்னு விடாம பாருங்க, எல்லாம் ஜோடி சேருது, நடுவுல வேற எதுவும் இருந்திருக்க முடியாது." கையிலிருந்ததைத் திருப்பிக் காட்டினாள். "அடியில இருந்தது இது. இதோட பின்னட்டையில மட்டும் ஒரு பொட்டுச் சந்தனம்கூட இல்ல. இதுக்குக் கீழ வெறும் பட்டுத்துணிதான் இருந்துச்சு."

அலமாரியிலிருந்து புத்தகங்களை எடுத்துப் பொட்டு வைத்து அடுக்கிய கை ஒன்றுதான். அந்தக் கைக்குச் சாவியே தேவைப்படவில்லை.

எல்லோரும் தங்கமணியைப் பார்த்தார்கள். அவள் கைப்பையைத் திறந்து புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தாள். அதில் பொட்டு இல்லை.

"வீட்டுல வச்சா என் மக கண்ணுல படும். எரிக்கவும் மனசு வரல." அவள் கைப்பையை மூடினாள். "கட்டி இருக்குன்னு என் தங்கச்சி முதல்ல என்கிட்டதான் சொன்னா. என் மக ஷாமினி கல்யாணம் நெருங்கியிருந்துச்சு. கல்யாண வீட்டுல புற்றுநோய்னு பேச்சு வந்தா சம்பந்தி என்ன நினைப்பாங்க? கல்யாணம் முடியட்டும், அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதேன்னேன். முடிஞ்சு ஆஸ்பத்திரிக்குப் போனா, லேட்டுன்னுட்டாங்க. அதை அப்படியே எழுதி வச்சுட்டா. தன் கல்யாணத்துக்காகத்தான் சின்னம்மா செத்தாங்கன்னு என் மக படிக்கணுமா?"

ரமணிக்கு அவள்மேல் இரக்கம் வந்தது. அதைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது.

"அன்னைக்கு ஒருத்தியை வாயை மூடச் சொன்னீங்க. இன்னைக்கு இந்தப் பொண்ணு மேல பழி விழறப்ப நீங்க வாயை மூடிக்கிட்டீங்க. மத்தியானம் இவ வேலை போயிருக்கும்கா."

தங்கமணி அழுதாள்.

"சரி சரி, குடும்ப விஷயம், வெளிய போக வேணாம்," என்று முகுந்தன் தொண்டையைக் கனைத்தார். குமுதாவிடம் ஒரு மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. "அந்த அலமாரியைக் கலைச்சிடும்மா. தீபாவளி வருது, பலகாரப் பொஸ்தகம் ஏதாவது வை."

குமுதா மேசையிலிருந்த புத்தகத்தை எடுத்து அட்டையைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

"பேரைச் சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டாங்க, ஆன்டி," என்று தங்கமணியிடம் சொன்னாள். "ஆனா இனிமே மறைச்சு என்ன இருக்கு? இதைப் படிச்சுட்டு, அலமாரியில முன்னாடி வைங்க, எங்க அம்மா கண்ணுல படணும்னு சொன்னது உங்க ஷாமினிதான்."