கத்தி படாத உடல்

இல்லாத விரல் நனைந்தது.

தபரேஸ் வலது கையைப் பார்த்தான். ஆள்காட்டி விரல் பாதியோடு முடிந்திருந்தது. அதன்மேல் சுற்றியிருந்த கட்டுத்துணி காய்ந்தே இருந்தது. ஆனாலும் அங்கே இல்லாத நகத்தின்மேல் ஏதோ வெதுவெதுப்பாக, வழுவழுப்பாக ஊறுவதை உணர்ந்தான். வேலூர் ஆஸ்பத்திரியின் குளிரூட்டிய ஸ்கேன் அறையிலும் அவன் சட்டையிலிருந்து சுண்ணாம்பும் பச்சைத்தோலும் கலந்த ஆம்பூர் வாடை எழுந்துகொண்டிருந்தது.

கண்ணாடிக்கு அப்பால், ஸ்கேன் மேசையில் தௌசீப் அகமது கிடந்தான். தங்கை தூபாவின் கணவன். தோல் பதனிடும் ஷெட்டில், சுழலும் மர டிரம்முக்குள் தவறி விழுந்து செத்தான் என்று தபரேஸ் சொல்லியிருந்தான்.

நடந்தது வேறு. ஷெட்டின் கழிவைத் தபரேஸ் பாலாற்றில் திறந்துவிடுவதை அதிகாரிகளிடம் சொல்லப்போவதாக மச்சான் பிடிவாதமாக நின்றான். இரும்புத் தடியின் முதல் அடி காதோரம். அலறிய வாயைப் பொத்தியபோது பற்கள் இறங்கின. விரலை விட்டே கையை மீட்க முடிந்தது. சத்தம் ஓயும்வரை அடித்தான். பிறகு வாயைப் பிளந்து தேடினான். விரல் இல்லை. உடலை டிரம்முக்குள் தள்ளி ஸ்விட்சைப் போட்டான். விரலை மெஷின் இழுத்துவிட்டது என்று வீட்டில் சொன்னான்.

போஸ்ட்மார்ட்டம் என்றதும் தூபா அவன் காலைக் கட்டிக்கொண்டாள்.

"பாய்ஜான், அவர அறுக்க மட்டும் உடாதீங்க."

மய்யித்தைக் கத்தியால் தொடக்கூடாது என்று அவளைவிட உரக்கச் சொன்னவன் அவன்தான். அறுக்காமலே பார்க்கும் ஸ்கேன் இங்கே இருப்பதை விசாரித்து, கெஞ்சி, அனுமதி வாங்கியவனும் அவன்தான். எலும்புதானே தெரியும், டிரம் நொறுக்கிய எலும்பில் யார் என்ன கண்டுபிடிப்பது? விரலுக்குள்ளும் எலும்பு உண்டு என்பது அப்போது தோன்றவில்லை.

ஸ்கேன் எடுக்கும் ஜாஸ்மின் மவுஸை உருட்டினாள். மண்டை, தாடை, கழுத்து என்று உடல் சீவல் சீவலாகத் திரையில் திறந்தது. அவள் கை நின்றது.

"சார், தொண்டையில இன்னாவோ மாட்டிக்கினு இருக்குது."

ஏட்டு கன்னியப்பன் குனிந்தார். "கோழி எலும்பாம்மா?"

"இல்ல சார். நகம் தெரியுது."

ஏட்டு மெதுவாகத் திரும்பினார். அவர் பார்வை தபரேஸின் கட்டுத்துணியில் நின்றது.

தபரேஸ் அவரைப் பார்க்கவில்லை. திரையில் அந்த விரல் மடங்கியிருந்தது. அடுத்த படத்தில் நீண்டிருந்தது.

"இங்க படம் கலங்குது," என்றாள் ஜாஸ்மின், தனக்குள் பேசுவதுபோல. "ஆள் அசைஞ்சாதான் இப்டி வரும்."

இயந்திரத்தின் முனகல் மட்டும்.

தபரேஸ் கண்ணாடிக்கு அப்பால் பார்த்தான். மய்யித்தின் வாய் திறக்காதிருக்க அவனே தலையைச் சுற்றிக் கட்டிய வெள்ளைத்துணி, அவிழ்ந்து மார்பில் கிடந்தது.

உள்ளறைச் சத்தம் கேட்கும் ஒலிபெருக்கியில் ஒரு சத்தம். சின்னது. எலும்பு நொறுங்கும் சத்தம்.

இல்லாத விரலில் வலி வெடித்தது. கட்டுத்துணி சிவந்தது. தரையில் சொட்டியது.

மய்யித்தின் தாடை அசைந்தது. ஏறியது. இறங்கியது. நிதானமாக.

திரையில் நகம் இல்லை. பிறகு எலும்பும் இல்லை.

தாடை நின்றது. வாய் மறுபடி திறந்தது.

முழுசாக இருந்த நடுவிரலில் ஈரம் பட்டது.