ஒரு கிண்ணம் ஒளு

முத்துக்கரையில் தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி ஒளுச் செய்ய ஆளுக்கு அரை லிட்டர்க் கிண்ணம்தான். மேலே ஒரு சொட்டு போனாலும் மணிக்கட்டுக்குள் பதித்த நீர்க்காவலன் கருவி சுருக்கென்று கிள்ளிவிடும். அன்று நண்பகல் லுஹர் தொழுகைக்கு அது முஹ்சினாவைக் கிள்ளவில்லை. ஆனாலும் முழங்கை நனைந்ததா என்று அவளுக்குச் சந்தேகம். "ஒளு கூடிடிச்சா?" என்று மணிக்கட்டிடம் கேட்டாள். பள்ளிவாசலுக்குப் பின்னால் இருக்கும், ஊரார் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லும் கணினியான அறிவகம், முறைப்படி கூடிவிட்டது என்று அதன் வழியே பதில் சொன்னது. மறுபடியும் கேட்டாள். ஊரே அப்படித்தான். தண்ணீர் இறைவன் ஒப்படைத்த அமானிதம், ஆற்றங்கரையில் நின்றாலும் வீணாக்கக் கூடாது என்று வளர்ந்த சனங்கள்.

அன்று அவளுக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. ஊர்த்தொட்டியின் நீர்மட்டம் இறங்கிச் சிவப்புக்கோட்டைத் தொட்டால் வீட்டுக் குழாய்கள் நின்றுவிடும். மாலை அசர் நேரத்தில் வாப்பாவுக்கு இரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரம் போட வேண்டும், அதற்கு நூறு லிட்டர் வேண்டும். கோட்டுக்கு நான்கு விரல்தான் பாக்கி. "தொட்டி தாங்குமா?" என்று மணிக்கட்டிடம் கேட்டுக் கேட்டு, கடைசியில் அறிவகத்துக்கே ஓடினாள்.

"காக்கா, எங்கயோ குழாய் உடைஞ்சிருக்கு. தண்ணி இறங்கிக்கிட்டே போவுது."

"உடையலம்மா." அறிவகப் பொறுப்பாளர் உவைஸ் காக்காவின் முகமும் வெளிறித்தான் இருந்தது. "எல்லாம் இங்கதான் போவுது. ஒவ்வொரு கேள்விக்கும் இதோட சூட்டைத் தணிக்கணும். தண்ணி ஆவியாப் போயிடுது."

"ஒரு கேள்விக்கு எவ்வளவு?"

"ஒரு கிண்ணம்."

"அப்படி என்னத்தக் கேக்குறாங்க?"

அவர் திரையைக் காட்டினார். 'ஒளு கூடிடிச்சா?' 'சொட்டு கீழ விழுந்துட்டு, குத்தமா?' 'தண்ணிய வீணாக்கிட்டேனா?' பக்கம் பக்கமாக அதுவேதான்.

"வஸ்வாஸ், மனசை விடாம அரிக்கிற சந்தேகம்," என்றார் காக்கா. "முந்தி சந்தேகம் வந்தா கையைத் திரும்பத் திரும்பக் கழுவுவாங்க. கிண்ணத்தைக் கொடுத்து அதை நிப்பாட்டினோம். இப்ப கழுவுறதுக்குப் பதிலா கேக்குறாங்க."

"ஆக அதிகமாக் கேட்டது யாரு?"

காக்கா திரையை மேலே தள்ளினார். உச்சியில் அவள் பெயரே இருந்தது. 'தொட்டி தாங்குமா?' இன்று மட்டும் இருநூற்றுப் பதினேழு தடவை. வாப்பாவின் நூறு லிட்டரும் அதிலேயே போயிருந்தது.

முஹ்சினா வாயைப் பொத்திக்கொண்டாள். கோட்டுக்கு இன்னும் அரை விரல் இருந்தது. இனிக் கேட்கவே கூடாது. கேட்காமல் இருந்தால் போதும். போதுமா? மணிக்கட்டு தன்னால் உதட்டருகே போனது.

"நான் இனிமே கேக்காம இருந்தா தண்ணி போதுமா?"

சுவருக்கு அப்பால், தொட்டியிலிருந்து தண்ணீர் இழுக்கும் மோட்டார் ஓடத் தொடங்கியது.

"அருமையான கேள்வி," என்று நிதானமாக ஆரம்பித்தது அறிவகம்.